எட்டு சர்வர்ல ஒண்ணு விட்டுப் போச்சு: சிஐ சிடி எதுக்கு?

புதுசா ஐடி வேலைல சேர்ந்தவங்க நிறைய பேர் கேட்குற கேள்வி இது: "சிஐ சிடின்றாங்க, பைப்லைன்றாங்க. எந்த டூல் படிக்கணும்?" டூல் பேரு அப்புறம் சொல்றேன். அதுக்கு முன்னாடி, ஒரு கம்பெனி முக்கால் மணி நேரத்துல எப்படி கவுந்துச்சுன்னு பார்த்துடலாம். அந்தக் கதை தெரிஞ்சா பைப்லைன்ல ஒவ்வொரு ஸ்டெப்பும் எதுக்குன்னு தானா புரியும்.

கம்பெனி பேரு நைட் கேப்பிடல். அமெரிக்கப் பங்குச் சந்தைல ரொம்பப் பெரிய டிரேடிங் நிறுவனம். 2012 ஆகஸ்ட் 1-ஆம் தேதி நியூயார்க் பங்குச் சந்தை, சில்லறை முதலீட்டாளர்களுக்காக ஒரு புதுத் திட்டம் தொடங்குது. அதுக்கு ஏத்த மாதிரி நைட் தன்னோட ஆர்டர் அனுப்புற சாஃப்ட்வேரை மாத்தணும். அந்த சாஃப்ட்வேர் 8 சர்வர்ல ஓடுது. ஜூலை 27-ல இருந்து கொஞ்சம் கொஞ்சமா புது கோடைப் போடுறாங்க. எப்படி? ஒரு டெக்னீஷியன் கையால ஒவ்வொரு சர்வரா காப்பி பண்ணுறார். 7 முடிஞ்சுது. எட்டாவது விட்டுப் போச்சு. இன்னொருத்தர் சரிபார்க்கணும்னு எழுதி வச்ச விதி எதுவும் அங்க இல்லை. அதனால யாருக்கும் தெரியலை.

இதுல இன்னொரு கண்ணி. 2003-லேயே உபயோகத்தை நிறுத்தின 'பவர் பெக்'-னு ஒரு பழைய கோடு உள்ளேயே கிடந்துச்சு. அதை ஆன் பண்ண வச்சிருந்த அதே ஃபிளாகைத்தான் புது வசதிக்கும் எடுத்துக்கிட்டாங்க. ஆகஸ்ட் 1 காலைல ஃபிளாகை ஆன் பண்ணினதும், 7 சர்வர்ல புது வசதி ஓடுது. எட்டாவதுல செத்துப் போன பவர் பெக் எழுந்து உட்கார்ந்துடுச்சு.

பவர் பெக் ஒரு பெரிய ஆர்டரை வாங்கி, சின்னச் சின்ன ஆர்டரா சந்தைக்கு அனுப்பும். "போதும், கணக்கு முடிஞ்சுது"ன்னு எண்ணிப் பார்த்து நிறுத்துற பகுதியை 2005-ல வேற இடத்துக்கு மாத்தியிருந்தாங்க. மாத்தின பிறகு பவர் பெக் சரியா ஓடுதான்னு டெஸ்ட் பண்ணலை. அதனால அது நிறுத்தாம அனுப்பிக்கிட்டே இருக்கு. வந்த ஆர்டர் வெறும் 212. சந்தைல நடந்த வர்த்தகம் 40 லட்சத்துக்கும் மேல, 154 கம்பெனிப் பங்குகள்ல. எல்லாம் 45 நிமிஷத்துக்குள்ள. நஷ்டம் 46 கோடி டாலருக்கு மேலன்னு அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் பின்னாடி அறிக்கைல எழுதினாங்க. 1.2 கோடி டாலர் அபராதம் தனி. அடுத்த வருஷமே நைட் இன்னொரு கம்பெனியோட இணைஞ்சு போச்சு.

இந்தக் கதையைச் சொல்றவங்க பெரும்பாலும் அந்த டெக்னீஷியனைத்தான் கை காட்டுவாங்க. எனக்கு அதுல உடன்பாடு இல்லை. ஒரே வேலையை 8 தடவை கையால செய்யச் சொன்னா, என்னைக்காவது ஒரு தடவை விட்டுப் போகத்தான் செய்யும். ஞாபக சக்தியை நம்பி சிஸ்டம் கட்டுறதுதான் இங்க பிரச்சினை.

இப்போ பைப்லைனுக்கு வருவோம். சிஐன்னா கன்டினியுவஸ் இன்டக்ரேஷன். டீம்ல ஒவ்வொருத்தரும் எழுதுற கோடை அடிக்கடி, முடிஞ்சா தினமும், பொதுக் கிளைல சேர்க்கணும். சேர்க்குற ஒவ்வொரு தடவையும் ஒரு மிஷின் அதை எடுத்து, டெஸ்ட் ஓட்டி, பில்ட் பண்ணிப் பார்க்கணும். நீங்க கமிட் பண்ணி புஷ் பண்ணினதும் ஒரு காலி கம்ப்யூட்டர் எங்கேயோ எழுந்து, உங்க கோடை இறக்கி, லைப்ரரிகளைப் போட்டு, டெஸ்ட்டை ஓட்டும். 'காலி'ங்கிறதுதான் முக்கியம். "என் லேப்டாப்ல ஓடுதே"ன்னு சொல்ற பஞ்சாயத்து இங்கதான் முடியும். உங்க லேப்டாப்ல மட்டும் இருக்குற ஒரு ஃபைலை நம்பி கோடு ஓடுச்சுன்னா, அந்தக் காலி கம்ப்யூட்டர்ல உடனே மாட்டிக்கும்.

அந்த மிஷினுக்கு டெஸ்ட் பாஸா ஃபெயிலான்னு எப்படித் தெரியும்? ஒரு கமாண்ட் முடியும்போது ஒரு எண்ணைத் திருப்பிக் கொடுக்கும். பூஜ்யம்னா பாஸ், வேற எதுவா இருந்தாலும் ஃபெயில். அவ்வளவுதான். சிவப்பு, பச்சை எல்லாம் அதுக்கு மேல போட்ட பெயின்ட்.

அடுத்தது பில்ட். இதை நிறைய டீம் தப்பா செய்யுறாங்க: டெஸ்ட் சர்வருக்கு ஒரு தடவை பில்ட், புரொடக்ஷனுக்கு இன்னொரு தடவை பில்ட். நடுவுல ஒரு லைப்ரரி புது வெர்ஷன் வந்திருந்தா, நீங்க டெஸ்ட் பண்ணினது ஒண்ணு, கஸ்டமருக்குப் போனது வேற ஒண்ணு. ஒரே தடவை பில்ட் பண்ணுங்க. அந்தப் பொட்டலத்துக்கு கமிட் நம்பரையே பேரா வைங்க. அதே பொட்டலம்தான் எல்லா இடத்துக்கும் போகணும். நோட் ப்ராஜெக்ட்னா பைப்லைன்ல 'என்பிஎம் இன்ஸ்டால்' போடாம 'என்பிஎம் சிஐ' போடுங்க. லாக் ஃபைல்ல இருக்குற வெர்ஷனை மட்டும் அப்படியே எடுக்கும், பொருந்தலைன்னா நின்னுடும்.

கடைசியா டெப்ளாய்மென்ட். நைட்ல 8 சர்வர் இருந்துச்சே, அதையே எடுத்துக்குவோம். ஸ்கிரிப்ட் 8 பேரோட பட்டியலை வச்சுக்கிட்டு ஒண்ணொண்ணா பொட்டலத்தைப் போடும். போட்டதோட விடாம, "உன்கிட்ட எந்த வெர்ஷன் ஓடுது?"ன்னு ஒவ்வொண்ணையும் கேட்கும். எட்டும் ஒரே பதில் சொன்னாத்தான் அடுத்த வேலை. ஒண்ணு மாத்திச் சொன்னாலும் சிவப்பு. பத்து இருபது வரி ஸ்கிரிப்ட் இது.

அப்போ பைப்லைன் இருந்திருந்தா நைட் தப்பிச்சிருக்குமா? அன்னைக்கு நடந்த விபத்துல இருந்து தப்பிச்சிருக்கும்னுதான் நினைக்கிறேன். ஆனா பைப்லைன் செத்த கோடைத் தானா அழிக்காது, பழைய ஃபிளாகைத் திரும்ப எடுக்காதேன்னு சொல்லாது. அதுக்கு கோட் ரிவ்யூல ஒரு மனுஷன் வேணும். ரோல்பேக்கும் அப்படித்தான். அன்னைக்குக் குழப்பத்துல, புது கோடுதான் வில்லன்னு நினைச்சு, ஒழுங்கா ஓடுன 7 சர்வர்ல இருந்தும் அதை எடுத்துட்டாங்க. ஃபிளாக் ஆன்லயே இருக்கு. எட்டுலயும் பவர் பெக். ரோல்பேக்கையும் முன்னாடியே ஒத்திகை பார்க்கணும்னு நான் சொல்றது இதனாலதான்.

இன்னொண்ணும் சொல்லணும். அன்னைக்கு சந்தை திறக்குறதுக்கு முன்னாடியே அந்த சிஸ்டம் 97 ஈமெயில் அனுப்புச்சு. அதுல பவர் பெக் பேரும் இருந்துச்சு. ஆனா அது அலர்ட்டுனு யாரும் எடுத்துக்கலை. நம்ம டீம்கள்ல இதோட சொந்தக்காரன் ஒருத்தன் இருக்கான்: சும்மா சும்மா ஃபெயில் ஆகுற டெஸ்ட். காரணமே இல்லாம பத்துல ரெண்டு தடவை சிவப்பு. எல்லாரும் "அது அப்படித்தான், ரீரன் கொடு"ன்னு பழகிடுவாங்க. நிஜமாவே சிவப்பு வர்ற நாள்லயும் கை ரீரனுக்குத்தான் போகும். அந்த மாதிரி டெஸ்ட்டை அன்னைக்கே சரி பண்ணுங்க, முடியலைன்னா தூக்கிடுங்க.

சரி, டூல். ஜென்கின்ஸ் ரொம்ப வருஷமா இருக்கு, முன்னாடி ஹட்சன்னு பேரு, 2011-ல மாத்தினாங்க. பெரிய கம்பெனிகள்ல இன்னும் அதைத்தான் பார்ப்பீங்க. கிட்லாப் உபயோகிச்சா அதுக்குள்ளேயே இருக்கு. தனியா கத்துக்க கிட்ஹப் ஆக்ஷன்ஸ் சுலபம். உங்க காலேஜ் ப்ராஜெக்ட் போதும். ரெப்போல 'டாட் கிட்ஹப்'னு ஒரு ஃபோல்டர், அதுக்குள்ள 'ஒர்க்ஃப்ளோஸ்'னு ஒண்ணு, அதுல ஒரு யாமல் ஃபைல். எப்போ ஓடணும், எந்த மிஷின்ல, என்னென்ன கமாண்ட். இடைவெளிக்கு டேப் அடிக்காதீங்க, யாமல் ஒத்துக்காது, ஸ்பேஸ்தான். பாஸ்வேர்ட், ஏபிஐ கீ எதையும் அந்த ஃபைல்ல எழுதாதீங்க, செட்டிங்ஸ்ல சீக்ரெட்ஸ்னு தனி இடம் இருக்கு. முதல் வாரம் டெஸ்ட் மட்டும் ஓடட்டும். ஒரே ஒரு டெஸ்ட் இருந்தாலும் சரி. டெஸ்ட் சிவப்பா இருந்தா மெயின் கிளைல மெர்ஜ் ஆகக் கூடாதுன்னு பிராஞ்ச் புரொடெக்ஷனைப் போடுங்க. டெப்ளாய்மென்ட் அப்புறம். குபெர்னெடிஸ் எல்லாம் இப்போ வேணாம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் டெப்ளாய் பண்ணக் கூடாதுன்னு நிறைய டீம்ல ராகு காலம் பார்க்குற மாதிரி ஒரு விதி உண்டு. உங்க டீம்லயும் இருந்தா, அதுக்குக் காரணம் என்னன்னு ஒரு தடவை சீனியர்கிட்ட கேட்டுப் பாருங்க. எந்த ஸ்டெப்பை இன்னும் கையால செய்யுறீங்கன்னு அந்தப் பதில்ல தெரிஞ்சுடும். என்ன சொன்னாங்கன்னு எங்களுக்கும் எழுதுங்க. அடுத்த எபிசோட்ல டேட்டாபேஸ் மாற்றங்களை எப்படி டெப்ளாய் பண்ணுறதுன்னு பேசலாம்.