மாரிக்கு முன் பட்டின வளவும் புற்றரையும்

மட்டக்களப்புப் பட்டினத்திலும் அதனை அடுத்த கரையோர ஊர்களிலும் ஓராண்டிற் பெய்யும் மழையின் பெரும்பகுதி ஐப்பசி தொடக்கம் தை ஈறாகவுள்ள மாதங்களிலேயே பெய்துவிடுகின்றது. வங்காள விரிகுடாவில் உண்டாகும் சூறாவளிகளும் பெரும்பாலும் இக்காலத்திலேயே நம் கரையை நாடுகின்றன. 1978 நவம்பர் 23ஆம் நாள் வீசிய சூறாவளி தென்னைகளைப் பெருந்தொகையாகச் சாய்த்தது, நூற்றுக்கணக்கானோர் உயிரிழந்தனர். 2011 சனவரியில் பெருவெள்ளமும், 2025 நவம்பரில் டித்வாப் புயலும் வந்தன. ஆகவே, முற்றத்துப் புற்றரையைப் பேணும் பட்டினவாசி, அவ்வேலையோடு வெள்ளத்துக்கும் காற்றுக்கும் வேண்டிய ஆயத்தங்களையும் புரட்டாதி மாதத்திலேயே செய்து முடித்தல் நன்று.

முதலிற் கவனிக்கவேண்டியது நிலத்தின் சரிவு. வீட்டுச் சுவரிலிருந்து வெளியே 50 அடிக்கு ஓர் அடி வீதமாயினும் நிலம் தாழ்ந்திருத்தல் வேண்டும். நீர் தேங்கும் பள்ளங்களை ஆற்று மணலும் கூட்டெருவும் கலந்து நிரப்பலாம். ஒரே முறையில் அரை அங்குலத்துக்கு மேல் இட்டாற் புல் மூச்சுமுட்டி அழுகும். ஆயின் சிலர் வளவு முழுவதையும் கிரவல் கொட்டி உயர்த்தி, தம் முற்றத்து நீரை அயலார் வீட்டுக்குள் விட்டுவிடுகின்றனர். வாவி நீர் உயர்ந்து நிற்கும்போது, முகத்துவாரம் வெட்டப்பட்டு நீர் கடலிற் சேரும்வரை, தாழ்ந்த ஒழுங்கைகளில் வெள்ளம் மெதுவாகவே வடியும். அத்தகைய இடத்தில் ஒருவர் உயர்த்தும் ஓரடி மண் மற்றொருவரின் கிணற்றைக் கெடுக்கும். வளவை உயர்த்த எண்ணுவோர் நீர் செல்லும் வழியை முன்னதாகவே ஒழுங்கையாருடன் பேசித் தீர்மானித்தல் வேண்டும்.

நமது மணற்றரைக்கு அறுகம்புல் மிகப் பொருத்தமானது. வறட்சியையும் ஓரளவு உவரையும் அது தாங்கும். நிழலை மாத்திரம் விரும்பாது. வெறுமையான இடங்களில் முதல் மழைத்தூறலுடன் வேர்த்தண்டுகளை நான்கு முதல் ஆறு அங்குல இடைவெளியில் ஊன்றினால், அடைமழைக்கு முன் அவை வேர்கொண்டு மண்ணைப் பிடித்துக்கொள்ளும். கார்த்திகையில் ஊன்றினால் வெள்ளம் வாரிச் செல்லும். புல்லை ஒன்றரை அங்குல உயரத்துக்குக் குறையாமல் வெட்டுக. இலையின் மூன்றிலொரு பங்குக்கு மேல் ஒரே தடவையில் நீக்குதல் வேரைத் தளர்த்தும். வெட்டிய புல்லை வாய்க்காலில் வீசுதல் ஆகாது. மதகை அடைப்பவற்றுள் இதுவும் பொலித்தீனுமே முதன்மையானவை. அதனைக் கூட்டெருக் குழியில் இடுக.

மழைக்கு முன் யூரியா இடுவது வீண் செலவு. மணற்றரையில் அது விரைவிற் கரைந்து நிலத்தடி நீரிற் சேரும். அந்நீரையே நாம் கிணற்றில் அள்ளிப் பருகுகின்றோம். பெருமழை ஓய்ந்த பின், தை மாதக் கடைசியிற் சிறிதளவு இடுதலே தகும்.

மரங்களைப் பொறுத்தவரை, முருங்கை எளிதில் முறிவது; கூரைக்கு மேலுள்ள கிளைகளைத் தறித்துவிடுக. தென்னையிற் காய்ந்த ஓலைகளையும் முற்றிய குலைகளையும் இறக்குக. பச்சை ஓலைகளைக் கழித்தல் மரத்தை நலிவிக்கும். மின்கம்பியைத் தொடும் கிளையில் தாமே கை வையாது மின்விநியோகம் செய்வோருக்கு அறிவிக்க வேண்டும். சிரட்டை, பழைய டயர், பூச்சாடித் தட்டு என்பவற்றில் நீர் நின்றால் டெங்கு நுளம்பு பெருகும்; அவற்றையும் அகற்றுக.

இவ்வேலைகளை வீட்டுக்கு வீடு தனித்துச் செய்வதிலும், ஒழுங்கையார் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒன்றுகூடிச் செய்வது பயன் மிகுந்தது. வாய்க்கால் முழுவதையும் துப்புரவாக்கிக் கடைசி மதகை அடைத்து விட்டால் உழைப்பெல்லாம் பயனற்றதாகும். அன்றைய தினமே, எவர் வீட்டில் மரம் அரியும் வாள் உண்டு, எவர் கிணறு மேட்டில் உள்ளது, நடக்கமாட்டாத முதியோரும் கைக்குழந்தைகளும் எவ்வீடுகளில் உள்ளனர், அவர்களை எவர் அழைத்துச் செல்வது என்பவற்றை எழுதிக் கிராம அலுவலரிடமும் ஒரு பிரதி கொடுத்தல் வேண்டும். அடையாள அட்டை, காணி உறுதி, மருந்து என்பவற்றை நீர் புகாத உறையில் இட்டு வைக்குக. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அவசரத் தொலைபேசி இலக்கம் 117 ஆகும்.

வெள்ளம் வடிந்த பின், ஈரமான புற்றரையில் நடமாடுதலைச் சில நாட்களுக்குத் தவிர்க்குக. மிதிபட்ட மண் இறுகி வேர் காற்றின்றி மாளும். சேற்றிற் கால்வைப்போர், சிறப்பாகப் புண் உள்ளோர், எலிக்காய்ச்சலை நினைத்து மூடிய காலணி அணிதல் வேண்டும். வெள்ளம் புகுந்த கிணற்று நீரைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் ஆலோசனைப்படி இறைத்துக் குளோரின் இட்ட பின்பே பருகலாம். புல்லின் மேற் படிந்த வண்டலைக் காய்ந்து ஓடாகுமுன் வாரி நீக்குக. வாவியின் உவர்நீர் நின்ற இடமாயின், நல்ல நீரைப் பலமுறை பாய்ச்சி உவரைக் கழுவி, தரை உலர்ந்ததும் முட்கரண்டியால் மூன்று அங்குல ஆழத்துக்குக் குத்திவிட, அறுகு மீண்டும் தளிர்க்கும்.