திரை நடுவே ஒரு சிறு குறி

1993-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘டூம்’ விளையாட்டின் திரை நடுவே எவ்விதக் குறியும் கிடையாது. பகைவன் மேட்டில் நின்றாலும் பள்ளத்தில் நின்றாலும் குண்டு செல்ல வேண்டிய உயரத்தை யந்திரமே நிர்ணயித்துக்கொண்டபடியால், ஆடுபவர் இடமும் வலமும் திரும்பக் கற்றிருந்தாலே போதுமாயிருந்தது. அந்தச் சலுகை பிற்காலத்தில் மறைந்தது. 1999-இல் ‘ஹாஃப் லைஃப்’ விளையாட்டின்மேல் ரசிகர்கள் கட்டிய ‘கவுண்டர் ஸ்ட்ரைக்’கிலோ, ஏ.கே. 47-இன் ஒரே குண்டு தலையில் பட்டால் கவசமணிந்தவனும் வீழ்வான் என்று விதி அமைந்துவிடவே, திரையின் மத்தியில் நிற்கும் ‘கிராஸ்ஹேர்’ என்னும் இலக்குக் குறியை எப்படி அமைத்துக்கொள்வது என்பது இளைஞர்கள் இரவெல்லாம் விவாதிக்கும் ஒரு சாஸ்திரமாகவே வளர்ந்துவிட்டது.

நீளம், கனம், நடு இடைவெளி, நிறம், புள்ளி, புறக்கோடு என்று மாற்றத்தக்க அம்சங்கள் பல இருந்தாலும், முதலில் தீர்மானிக்க வேண்டியது குறி அசைவதா, அசையாததா என்பதே. ‘டைனமிக்’ எனப்படும் அசையும் குறி, ஆடுபவர் ஓடும்போதும் சுடும்போதும் விரிந்து, இப்போது சுட்டால் குண்டு சிதறும் என்று எச்சரிக்கும். ஓடிக்கொண்டே சுடும் துர்ப்பழக்கம் நீங்காத புதியவர்களுக்கு இது நல்ல உபாத்தியாயர். நின்று சுடும் அப்பியாசம் கைவந்தவருக்கோ, தெரிந்த பாடத்தையே திரும்பத் திரும்ப ஒப்பிக்கும் அந்த உபாத்தியாயர், கண் ஓரிடத்தில் நிலைக்க வேண்டிய அதே கணத்தில் குறுக்கே வந்து நிற்பார். ஆகவேதான் ‘கவுண்டர் ஸ்ட்ரைக்’, ‘வாலரண்ட்’ என்னும் விளையாட்டுகள் இரண்டிலும் தேர்ந்த ஆட்டக்காரர்களில் மிகப் பலர் அசையாத குறியையே கைக்கொள்கின்றனர்.

கனத்துக்கு வருவோம். 17-ஆம் நூற்றாண்டில் வில்லியம் காஸ்காயின் என்ற ஆங்கில வானியலறிஞர், தம் தொலைநோக்கிக்குள் சிலந்தி ஒன்று இழுத்துவிட்ட இழை, பார்க்கும் பொருளோடு சேர்ந்து துலக்கமாகத் தெரிவதைக் கண்டே இலக்குப் பார்க்கும் இழையின் உபயோகத்தை உணர்ந்தார் என்பார்கள். அவ்வளவு மெல்லிய கோடு வேண்டியிருப்பதன் காரணம் இன்றும் மாறவில்லை. ‘கவுண்டர் ஸ்ட்ரைக்’கின் ‘டஸ்ட் 2’ மேப்பின் நீண்ட பாதைக் கோடியில் தோன்றும் பகைவனின் தலை திரையில் சில பிக்சல்களுக்கு மேல் இராது. தடித்த குறி, எதைக் காட்ட வந்ததோ அதையே மறைத்துவிடும். இடைவெளியை மிக அகற்றினாலோ, மையம் எது என்பதைக் கண் ஊகிக்க நேரிடும். சிறிய நான்கு கோடுகளும், தலையொன்று அடங்கும் குறுகிய இடைவெளியும், நடுவில் புள்ளியின்மையும் உசிதம் என்பது என் அபிப்பிராயம். தனிப் புள்ளியைக் கொண்டே அற்புதம் புரிபவர்களும் உண்டு, அவர்களோடு வாதிட நான் தயாராயில்லை.

இனி நிறம். ‘டஸ்ட் 2’-இன் மணல் நிறச் சுவர்களில் மஞ்சள் கரைந்துவிடும். ‘ஏன்ஷியன்ட்’ மேப்பின் பசுமையில் பச்சை தொலைந்துவிடும். ‘வாலரண்ட்’டில் பகைவர் உருவத்தைச் சுற்றி இயல்பாகவே சிவப்புக் கோடு தீட்டப்பட்டிருப்பதால், அங்கே சிவப்புக் குறியைத் தேர்ந்தவர் வேண்டிய சமயத்தில் அதைத் தேடிக்கொண்டிருப்பார். நீலமும் பச்சையும் கலந்த ‘சியான்’ வர்ணம் இவ்விடங்களிலெல்லாம் பெரும்பாலும் தனித்து நிற்கிறது. ஆனால் வடஐரோப்பிய வம்சத்து ஆண்களில் நூற்றுக்கு 8 பேரளவுக்குச் சிவப்பு, பச்சை பேதம் அறிவதில் குறை உண்டு. அத்தகையோர் பிறர் சிபாரிசைவிடத் தம் கண்ணின் சாட்சியையே நம்புதல் நலம்.

புகழ்பெற்ற வீரர் ஒருவரின் குறியை, எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு சங்கேதத்தை ஒட்டியவுடன் அப்படியே வரவழைத்துக்கொள்ளும் வசதி இன்று இருக்கிறது. அத்தகைய வீரர்களில் பலர் 1280x960 அளவுப் படத்தை அகலத் திரை முழுவதும் இழுத்து விரித்து ஆடுபவர்கள். 1920x1080 திரையில் அதே எண்கள் அதே உருவத்தைத் தருவதில்லை. மேலும், வாரம் ஒரு குறியாக மாற்றுபவருடைய கண் எதிலும் பழகுவதில்லை.

குறியை எந்த உயரத்தில் ஏந்தி நடப்பது என்பதோ, எந்த எண்ணாலும் அமைத்துக்கொள்ள முடியாத காரியம். கண் கண்டதற்கு விரல் மறுமொழி கூறவே ஏறக்குறைய 0.2 விநாடி ஆகிவிடுகையில், மூலை திரும்புமுன்பே தலை உயரத்தில் குறியை வைத்திருப்பவரிடம் பகைவன் தானே வந்து அகப்படுகிறான். தரையை நோக்கி நடப்பவருக்குச் சியானும் உதவாது.

‘கவுண்டர் ஸ்ட்ரைக்’கின் ஏ.டபிள்யூ.பி. துப்பாக்கி ஒரு விசித்திரப் பிராணி. ஸ்கோப்பைத் திறக்காதவரை அது குறியே காட்டாது. அதற்காக மானிட்டரின் நடுவில் பேனாவால் புள்ளி வைப்பவரும், ஒட்டுத்தாள் ஒட்டுபவரும் உண்டு. தாமே குறி வரைந்து தரும் மானிட்டர்களும் விற்பனையில் உள்ளன. ஸ்கோப்பின்றிச் சுடும் அந்தக் குண்டு எப்படியும் கண்டபடி சிதறும் என்பதால், இந்த உபாயங்களின் பயன் மிக நெருங்கிய தூரத்தோடு முடிந்துவிடுகிறது.