பெட்டியின் மேல் எழுதிய எண்

2003 வாக்கில் சென்னை ரிச்சி தெருவில் கிராபிக்ஸ் கார்டு வாங்கப் போனால் கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை எம்.பி. தம்பி?" என்பதுதான். என்ன கேம், என்ன மதர்போர்டு என்பதெல்லாம் அப்புறம். 128 என்று சொன்னவன் 64 வாங்கியவனைவிட நெஞ்சை நிமிர்த்தி நடந்தான்.

அந்த எண்ணால் பெரிய பயன் இல்லை. அன்று கையில் காசு குறைந்தவர்களின் கார்டு ஜிஃபோர்ஸ்4 எம்.எக்ஸ் 440. பெயரில் 4 இருந்தாலும் உள்ளே இருந்தது ஜிஃபோர்ஸ்2 வம்சம். வைஸ் சிட்டி கேம் அதில் நன்றாகவே ஓடியது. ஆனால் பிக்சல் ஷேடர் வசதி கிடையாது; அதனால் அதே ஆண்டில் வந்த 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா: சாண்ட்ஸ் ஆஃப் டைம்' அதில் ஓட மறுத்தது. மெதுவாக ஓடியிருந்தால்கூடச் சமாளித்திருக்கலாம். அடுத்து வந்த எஃப்.எக்ஸ் 5200 ஷேடரோடு வந்தது, 256 எம்.பி. வரை கிடைத்தது. ஆனால் அத்தனை நினைவகத்தையும் நிரப்பி வேலை வாங்கும் வலு சில்லுக்கு இல்லை.

கார்டைச் செருக இடம் இருக்கிறதா என்பது இன்னொரு கவலை. மலிவு என்று வாங்கிய 845ஜிஎல் போர்டில் ஏஜிபி ஸ்லாட்டே இருக்காது. இருந்தவர்களுக்கும் நிம்மதி நீடிக்கவில்லை. 2004-இல் பிசிஐ எக்ஸ்பிரஸ் வந்ததும் புதுக் கார்டுக்காகப் போர்டையே மாற்றும்படி ஆயிற்று.

பட்ஜெட்காரனின் பொற்காலம் எது என்று கேட்டால் 2014 முதல் 2016 வரை என்பேன். 149 டாலருக்கு அறிமுகமான ஜிடிஎக்ஸ் 750 டிஐ வெறும் 60 வாட்டில் ஓடியது. தனியாக மின்கம்பி கேட்கவில்லை. அலுவலகம் கழித்துவிட்ட பழைய டெல் பெட்டியில் அதைச் செருகினால் போதும், கேமிங் கம்ப்யூட்டர் தயார். கேபினட்டோடு இலவசம் போல வந்த எஸ்.எம்.பி.எஸ். பிழைத்துக் கிடந்ததே பெரிது என்றிருந்த வீடுகளுக்கு இது வரப்பிரசாதம்.

பிறகு இந்தக் கார்டு விளையாடுபவனுக்கு மட்டும் உரியதாக இல்லாமல் போயிற்று. எத்திரியம் நாணயம் தோண்டுபவர்கள் 2017-இலும் 2021-இலும் கடைகளைத் துடைத்து எடுத்தார்கள். 2022 செப்டம்பரில் எத்திரியம், கார்டு கொண்டு தோண்டத் தேவையில்லாத முறைக்கு மாறிய பின், அவர்கள் இரவு பகலாக உழைக்க வைத்த கார்டுகள் செகண்ட் ஹேண்ட் சந்தையில் குவிந்தன. அவற்றை நான் தள்ளிவைக்கமாட்டேன். விசிறி சீராகச் சுற்றுகிறதா, அரை மணி நேரம் கேம் ஓடியும் திரையில் புள்ளி தெறிக்கவில்லையா என்று விற்பவர் வீட்டிலேயே பார்த்துவிட்டால் சரி.

இன்றைக்கு எண் வேறு விதமாக விளையாடுகிறது. ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ என்ற ஒரே பெயரில் 8 ஜி.பி.யும் உண்டு, 16 ஜி.பி.யும் உண்டு. ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டியும் அப்படித்தான். அன்று வெற்று ஜம்பமாக இருந்த நினைவகம் இன்று உண்மையாகவே முக்கியம். புதுக் கேம்களின் டெக்ஸ்சர்கள் 8 ஜி.பி.யைத் தாண்டிவிட்டால், சில்லு எவ்வளவு வேகமாக இருந்தாலும் படம் திக்கித் திக்கித்தான் நகரும். ஆனால் பெட்டியில் பெரிதாக அச்சிடுவது பெயரைத்தான். இதைத் தெரியாமல் செய்கிறார்கள் என்று நான் நம்பவில்லை.

எம்.எக்ஸ் 440 முட்டிய சுவரும் திரும்ப எழுந்திருக்கிறது. 2024 டிசம்பரில் வந்த 'இண்டியானா ஜோன்ஸ்' கேம், ரே டிரேசிங் வன்பொருள் இல்லாத கார்டை ஏற்பதில்லை. 8 ஜி.பி. இருந்தும் ஆர்எக்ஸ் 580 அதற்கு வெளியே நிற்கிறது.

ஸ்லாட் பிரச்சினையும் தீரவில்லை, கண்ணுக்குத் தெரியாமல் போயிருக்கிறது. ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி எந்தப் போர்டிலும் பொருந்தும். ஆனால் தரவு ஓட அதற்கு நான்கே லேன். பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0 போர்டில் வேகம் இறங்கிவிடும். 249 டாலருக்கு 12 ஜி.பி.யோடு அறிமுகமான இன்டெல் ஆர்க் பி580 கேட்கும்போது ஆசையாக இருக்கிறது. ஆனால் ரீசைசபிள் பார் என்ற வசதி இல்லாத பழைய போர்டில் அதை வாங்கிச் செருகுவது வீண்செலவு. அப்படிப்பட்ட போர்டு வைத்திருப்பவர் என்னிடம் கேட்டால், 12 ஜி.பி. ஆர்டிஎக்ஸ் 3060 பழையதாகக் கிடைக்கிறதா என்று முதலில் தேடச் சொல்வேன். கூடவே எஸ்.எம்.பி.எஸ்.ஸின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கச் சொல்வேன். அதிலும் எழுதியிருப்பதை அப்படியே நம்பவேண்டாம்.