நிலவைப் படம் பிடித்தலும் ஏழ்மையை அளத்தலும்

சென்ற ஆனித் திங்களில் நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் நிர்வாகக் குழுக் கூட்டத்தில் ஆய்வாளன் என்ற முறையில் அமர்ந்திருந்தேன். நூல் இருப்பு, கூலிப் பாக்கி, விற்பனை நிலையத்து வாடகை ஆகியவை பேசி முடிந்தபின், பொதுநல நிதியிலிருந்து அங்கத்தினரின் மக்களுக்கு வழங்கும் கல்வி உதவி மனுக்கள் எடுத்துக்கொள்ளப்பட்டன. நான்காவது மனு, குழித்தறியில் பருத்திச் சேலை நெய்யும் ஓர் அங்கத்தினருடையது. மகன் கல்லூரியில் பௌதிகம் படிக்கச் சேர்ந்திருக்கிறான். கோரிய தொகை 8,000 ரூபாய். தலைவர் மனுவைப் படித்து முடிப்பதற்குள் மூத்த அங்கத்தினர் ஒருவர் எழுந்தார்.

“அந்த வீட்டில் தொலைநோக்கி இருக்கிறது. பையன் இரவெல்லாம் பாவடியில் நின்று நிலாவைப் படம் பிடிக்கிறான். அதற்குப் பணம் இருக்கிறவர்களுக்குச் சங்கத்துப் பணம் எதற்கு?” என்றார்.

அவர் பொறாமையால் பேசுகிறவர் அல்லர். தம் இரு பிள்ளைகளையும் எவரிடமும் கை நீட்டாமல் ஒற்றைத் தறியில் வளர்த்தவர். எனவே அவர் சொல்லுக்குச் சபையில் மதிப்பிருந்தது. மனு ஒத்தி வைக்கப்பட்டது. என் அறிக்கை கேட்கப்பட்டது. இதையொத்த பேச்சை விவசாயக் கடன் சங்கங்களிலும் நான் பன்முறை கேட்டிருக்கிறேன். “மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவன் ஏழையா?” என்பார்கள். ஆகவே, நிலவைப் படம் பிடிக்க உண்மையில் எவ்வளவு வேண்டும், ஏழ்மையை எதனோடு ஒப்பிட்டு அளப்பது என்னும் இரண்டையும் இங்கே எழுத விரும்புகிறேன். முதற் பொருளில் எனக்குச் சற்றுப் பழக்கம் உண்டு. நானும் சில ஆண்டுகளாக அந்தப் பொழுதுபோக்கில் சம்பளத்தின் ஒரு பகுதியைக் கரைத்து வருகிறவன்.

வானத்துப் பொருள்கள் அனைத்திலும் ஏழைக்கு இணங்கி வருவது சந்திரனே. நட்சத்திரக் கூட்டங்களையும் தொலைவிலுள்ள வான்முகில்களையும் படம் பிடிக்கப் பெரிய ஆடியும், வானோடு சுழலும் பொறியும், விளக்கொளி இல்லாத மலைப்புறமும் வேண்டும். சந்திரனுக்கு இவை ஒன்றும் வேண்டா. காரணம் எளிது. சந்திரன் விளக்கன்று, பகல் வெயிலில் நிற்கும் பாறை. தன்மேல் விழும் ஒளியில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கையே அது திருப்பியனுப்புகிறது. தேய்ந்த தார்ச்சாலை அளவுக்குத்தான் அதன் வெண்மை. இருண்ட வானத்தின் நடுவே நிற்பதால் நம் கண்ணுக்கு வெள்ளித்தட்டாகத் தோன்றுகிறது. ஆகவே வெயிலில் நிற்கும் ஒரு பொருளைப் படம் பிடிப்பது போலவே அதையும் பிடிக்க வேண்டும். முழுநிலவுக்குக் காமிராவின் உணர்திறன் 100, துவாரம் எப் 11, நேரம் வினாடியில் நூறில் ஒரு பங்கு என்று வைத்தால் போதும். புதியவர்கள் இரவுதானே என்று எண்ணி நெடுநேரம் ஒளி புகவிடுவார்கள். வெள்ளைப் பொட்டு ஒன்றுதான் மிஞ்சும். நான் முதன்முதல் எடுத்த பத்துப் பன்னிரண்டு படங்களும் அத்தகைய பொட்டுகளே.

அளவு இன்னொரு தொல்லை. சந்திரன் சராசரியாக 3,84,400 கிலோமீட்டர் தொலைவில் இருப்பதால் வானில் அரைப் பாகை அகலமே தோன்றும். வில்லையின் குவிதூரத்தை 110 ஆல் வகுத்தால் காமிராவுக்குள் விழும் பிம்பத்தின் அகலம் கிடைக்கும். சாதாரணமான 50 மில்லிமீட்டர் வில்லையில் அது அரை மில்லிமீட்டர்கூட இராது. 700 மில்லிமீட்டர் குவிதூரமுள்ள சிறு தொலைநோக்கியில் 6 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். அதுவே, நல்ல காற்றமைதி உள்ள இரவில், ஐந்தாறு கிலோமீட்டர் அகலமுள்ள குழிவாய்களைப் பிரித்துக் காட்டப் போதுமானது. 85 கிலோமீட்டர் அகலமுள்ள டைக்கோவும் 93 கிலோமீட்டர் அகலமுள்ள கோப்பர்நிக்கசும் அதில் உட்சுவருடன் தெரியும்.

பௌர்ணமியன்று படம் எடுப்பதே சிறப்பு என்று பலரும் கருதுகின்றனர். அது தவறு. அன்று சூரியன் சந்திரனுக்கு நேரெதிரே நிற்பதால் நிழலே விழாது. மலையும் பள்ளமும் கோலமாவு தட்டிய தரை போல் சமமாகிவிடும். வளர்பிறை ஏழாம் நாள் தொடங்கிப் பத்தாம் நாள் வரை, ஒளியும் இருளும் சந்திக்கும் கோட்டின் ஓரத்தில் நிழல்கள் நீண்டு கிடக்கும். துணியின் இழைக் குறையைக் காண அதை வெளிச்சத்துக்கு நேரே விரிக்காமல் சாய்த்துப் பிடித்துப் பார்க்கிறோமே, அதே காரணந்தான். ஆனால் அரை நிலவு முழு நிலவில் பாதி ஒளி தருவதன்று. ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கே தரும். எனவே ஒளி புகும் நேரத்தை மூன்று நான்கு மடங்கு கூட்ட வேண்டும்.

காற்றின் நடுக்கம் படத்தைக் கலைக்கும். அதற்கு இக்காலத்தவர் ஓர் உபாயம் கண்டிருக்கின்றனர். ஒரு படத்துக்குப் பதிலாகச் சில நிமிட அசைபடம் எடுத்து, அதிலுள்ள நூற்றுக்கணக்கான படங்களில் தெளிவானவற்றை மட்டும் பொறுக்கி ஒன்றன்மேல் ஒன்றாகப் படிய வைப்பது. இதைச் செய்யும் கணினி நிரல்கள் விலையின்றியே கிடைக்கின்றன. மெல்லிய புரிகள் பலவற்றை முறுக்கினால் உறுதியான நூல் கிடைப்பது நம் அங்கத்தினருக்குப் புதிதன்று.

1840ஆம் ஆண்டில் நியூயார்க்கில் ஜான் வில்லியம் டிரேப்பர் என்னும் பேராசிரியர், வெள்ளி பூசிய தகட்டில் ஏறத்தாழ 20 நிமிடம் ஒளி புகவிட்டுச் சந்திரனின் படத்தைப் பதித்தார். 1851இல் ஹார்வர்டு வானாய்வகத்தின் 15 அங்குலத் தொலைநோக்கியைக் கொண்டு விப்பிள் என்பவர் எடுத்த படம் லண்டன் மாபெரும் பொருட்காட்சியில் பரிசு பெற்றது. அன்று ஒரு பல்கலைக்கழகத்தின் செல்வமும் உழைப்பும் கூடிச் செய்ததை இன்று ஒரு நெசவாளர் மகன் கைபேசியைக் கொண்டு செய்கிறான் என்றால், அது அவன் செல்வனாகிவிட்டதன் அடையாளமா, பொருள் மலிந்துவிட்டதன் அடையாளமா என்பதை யோசிக்க வேண்டும்.

மலிவாக்கியவர்களுள் ஒருவரை இங்கே குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. ஜான் டாப்சன் (1915–2014) சான் பிரான்சிஸ்கோவில் வேதாந்தச் சங்கத்துத் துறவியாக இருந்தவர். கையில் காசில்லாத அவர், கப்பல் சன்னலின் பழைய கண்ணாடியைத் தேய்த்து ஆடியாக்கினார்; அட்டைக் குழாயும் ஒட்டுப்பலகையும் கொண்டு தொலைநோக்கி கட்டினார். இந்த வேலையில் மூழ்கியதால் 1967இல் மடத்தை விட்டு வெளியேற நேர்ந்தது. அதன்பின் நடைபாதையில் தொலைநோக்கியை வைத்து, போவோர் வருவோரைச் சந்திரனைப் பார்க்க அழைத்து வந்தார். 1968இல் அவரைச் சுற்றி நடைபாதை வானியலார் சங்கம் அமைந்தது. அவர் வகுத்த எளிய தாங்கி இன்று உலகெங்கும் அவர் பெயராலேயே வழங்குகிறது.

நிற்க. அந்த நெசவாளரின் வீட்டுக்குச் சென்றேன். தொலைநோக்கி 70 மில்லிமீட்டர் வில்லையுடையது. முக்காலியின் ஒரு கால் கம்பியால் கட்டப்பட்டிருந்தது. பையன் இரண்டு விடுமுறைகளில் தார் சுற்றிச் சேர்த்த 3,200 ரூபாய்க்குப் பழைய சரக்காக வாங்கியது. கழித்துப்போட்ட ஜக்கார்டு அட்டைகளை அடுக்கி ஒட்டி, கைபேசியைக் கண்ணருகு வில்லையின்மேல் பொருத்துவதற்குத் தாங்கி ஒன்று செய்திருந்தான். பாவு நீட்டும் பாவடியில், தெருவிளக்கு எட்டாத மூலையே அவன் வானாய்வகம். படங்களைக் காட்டினான். கோப்பர்நிக்கசின் படம் ஒன்று சற்று மங்கலாயினும் நன்றாக இருந்தது.

“விலை உயர்ந்த கைபேசியில் இதைவிடத் தெளிவாக வருமாம், சார்” என்றான்.

“அந்தத் தெளிவு எங்கிருந்து வருகிறது என்று தெரியுமா, தம்பி?” என்று கேட்டுவிட்டு, 2023இல் நடந்ததைச் சொன்னேன். கணினித் திரையில் வேண்டுமென்றே மங்கலாக்கிய நிலாப் படம் ஒன்றை ஒருவர் சாம்சங் கைபேசியால் எடுத்தபோது, மூலத்தில் இல்லாத விவரங்கள் படத்தில் தோன்றின. சந்திரனை இனங்கண்டு விவரத்தைக் கூட்டும் முறை கருவிக்குள் அமைந்திருப்பதைப் பின்னர் அந்நிறுவனமே விளக்கியது. அருகிலிருந்த தந்தையார் சிரித்து, “விசைத்தறித் துணிக்குக் கைத்தறி முத்திரை போலவா, ஐயா?” என்றார். நான் மறுக்கவில்லை.

விடைபெறும்போது அவர் வாசல் வரை வந்து குரல் தாழ்த்தி, “இதுதான் தடை என்றால் விற்றுவிடுகிறோம், ஐயா. மனு மட்டும் நிற்கட்டும்” என்றார். உள்ளே பையன் காதில் அது விழுந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

இனி இரண்டாவது பொருளுக்கு வருவோம். ஏழ்மையை அளக்க இரு வழிகள் உண்டு. ஒன்று, உயிர் தரிக்க வேண்டியதைக் கணக்கிட்டு அதற்குக் கீழே கோடு கிழிப்பது. நம் நாட்டில் 1979இல் கிராமத்தார்க்கு நாளொன்றுக்கு 2,400 கலோரி, நகரத்தார்க்கு 2,100 கலோரி என்ற அடிப்படையில் கோடு வகுக்கப்பட்டது. டெண்டுல்கர் குழுவின் முறைப்படி 2011–12இல் ஆளொன்றுக்கு மாதச் செலவு கிராமத்தில் 816 ரூபாய், நகரத்தில் 1,000 ரூபாய் என்பது கோடாயிற்று. மற்றொன்று, சுற்றியுள்ளவர்களின் வாழ்வோடு ஒப்பிடுவது. ஐரோப்பிய ஒன்றியம், வருமான வரிசையில் நடுவில் நிற்பவர் பெறுவதில் 60 விழுக்காட்டுக்கும் குறைவாகப் பெறுவோரை ஏழ்மை ஆபத்தில் உள்ளவர் எனக் கணக்கிடுகிறது.

இரண்டாவது வழியைக் கேட்டதும், “இது ஒப்பிட்டு ஏங்குவதுதானே” என்று பலர் ஒதுக்கிவிடுவர். அவர்கள் பக்கமும் ஓரளவு நியாயம் உண்டு. எல்லாருடைய வருமானமும் ஒரே நாளில் இரட்டித்தாலும் இக்கணக்கில் ஏழைகளின் தொகை குறையாது. என் அனுபவம் ஒன்றும் இருக்கிறது. வானியல் அன்பர்கள் கூடிய ஓர் இரவில், என் 300 மில்லிமீட்டர் வில்லையைப் பையிலிருந்து எடுக்கவே வெட்கப்பட்டேன். பக்கத்திலிருந்தவரின் கருவி என் ஓராண்டுச் சம்பளம் பெறும். அதை ஏழ்மை என்று கூறினால் நெசவாளர் நகைப்பர், நகைப்பது சரியே. அது என் ஆசையின் குறை. எனக்கு நேர்ந்த குறையன்று.

ஆனால் இதற்கு வேறான ஒன்றை, ஆடம் ஸ்மித் 1776இல் தம் பொருளாதார நூலில், நம் தொழிலைச் சார்ந்த உதாரணத்தாலேயே விளக்கினார். அவர் எடுத்துக்கொண்டது லினன் துணிச் சட்டை. உயிர் வாழ அது தேவையில்லை. பண்டைய கிரேக்கரும் ரோமரும் அஃதின்றியே சுகமாக வாழ்ந்தனர். எனினும் தம் காலத்து ஐரோப்பாவில் மானமுள்ள கூலியாள் அச்சட்டை இன்றி நாலுபேர் முன் வர நாணுவான். ஆகையால் அது அவனுக்கு அத்தியாவசியப் பொருளே என்றார். தோற்செருப்பையும் இங்கிலாந்தில் அவ்வாறே கணக்கிட்டார். அமர்த்தியா சென் 1983இல் இதனை மேலும் தெளிவாக்கினார். நாணமின்றி மக்கள் நடுவே நிற்கும் தேவை எங்கும் ஒன்றே. அதற்கு வேண்டிய பொருள்தான் ஊருக்கு ஊர், காலத்துக்குக் காலம் மாறுகிறது என்பது அவர் வாதத்தின் சாரம்.

இதை அந்த வீட்டுக்குப் பொருத்திப் பார்த்தேன். சங்கத்துக் கூலிப் பேரேட்டின்படி, கடந்த 12 மாதங்களில் 5 மாதம் அவருக்கு முழுப் பாவு கிடைக்கவில்லை. சராசரிக் கூலி 5,900 ரூபாய். சங்கத்தில் நடுவில் நிற்பவரின் கூலி 8,100 ரூபாய். நடுவர் கூலியில் 60 விழுக்காடு 4,860 ரூபாய்தான். ஆகவே அக்கோட்டின்படி இவர் ஏழையே அல்லர்! எல்லாரும் மெலிந்திருக்கும் இடத்தில் எவரும் மெலிந்தவராகத் தெரியமாட்டார். மூத்த அங்கத்தினரின் கண்ணும் இந்தக் கோலைக் கொண்டே அளந்தது. ஆனால் பையன் இனி நிற்கப்போவது நம் பாவடியில் அன்று, கல்லூரியில். அங்கே ஆய்வுக்கூடத்துள் நுழைய மூடிய காலணி வேண்டும். ஆடம் ஸ்மித்தின் செருப்பு இங்கேயும் வந்துவிட்டது. பேருந்துக் கட்டணமும் புத்தகமும் மதிய உணவும் அதனுடன் சேரும்.

பட்டினி கிடப்பவன் முதலில் சோற்றைத்தானே தேடுவான், தொலைநோக்கியை ஏன் வாங்குகிறான் என்ற கேள்வி எஞ்சுகிறது. 2019இல் நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்ளோவும் 2011இல் வெளியிட்ட நூலில் மொராக்கோ நாட்டுக் கிராமவாசி ஒருவரைச் சந்தித்ததை எழுதியிருக்கின்றனர். போதிய உணவில்லை என்று கூறிய அவர் வீட்டில் தொலைக்காட்சி இருந்தது. ஏன் என்று கேட்டதற்கு, உணவினும் அதுவே முக்கியம் எனச் சிரித்தாராம். வேலை இல்லாத நாட்களில் மனத்தை ஊன்ற ஒன்று வேண்டும் என்பதை, பாவு கிடைக்காமல் திண்ணையில் உட்கார்ந்திருந்த எவரும் அறிவர். அந்தப் பையனின் 3,200 ரூபாய் கல்லூரிக் கட்டணத்தில் பாதிகூட ஆகாது.

இவற்றையெல்லாம் அறிக்கையில் எழுதவில்லை. கூலிப் பேரேட்டின் தொகைகளையும், குடும்பத்தில் ஐவர் என்பதையும், உபவிதியில் உதவிக்குரிய தகுதி வருமானமே என்பதையும், தொலைநோக்கியின் விலையையும் அது வந்த வழியையும் எழுதினேன். ஆவணித் திங்கள் கூட்டத்தில் மனு பெரும்பான்மையால் ஏற்கப்பட்டது. மூத்தவர் தம் மறுப்பைப் பதிவு செய்யக் கோரினார், செய்யப்பட்டது. தொலைநோக்கி விற்கப்படவில்லை.

அதே கூட்டத்தில் அவர் மற்றொரு தீர்மானமும் கொண்டுவந்தார். அடுத்த ஆண்டு முதல் மனுப் படிவத்தில் “வீட்டிலுள்ள சாமான்கள்” என்றொரு பத்தி சேர்க்க வேண்டும் என்பது. இதை எதிர்த்து நான் குறிப்பு எழுதியுள்ளேன். 2011ஆம் ஆண்டின் சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பில், இருசக்கர மோட்டார் வாகனமும் குளிர்பதனப் பெட்டியும் தரைவழித் தொலைபேசியும் உள்ள கிராமக் குடும்பங்கள் ஏழையர் வரிசையிலிருந்து தாமே விலக்கப்பட்டன. தரைவழித் தொலைபேசி இன்று எத்தனை வீடுகளில் இருக்கிறது, அது எதைக் காட்டுகிறது என்று அங்கத்தினர்கள் எண்ணிப் பார்க்கலாம். பத்தி வந்துவிட்டால், மனு எழுதும் முன் பெட்டியடியில் ஒளித்து வைக்கப்படுவது எது என்பதும் எனக்குத் தெரிந்தே இருக்கிறது. தீர்மானம் வரும் பொதுக்குழுவின் முன் வருகிறது.