மூட்டையைப் பிரிக்கும் முன் மூக்கை மூடுங்கள்!

கிட்னி மாற்று ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பியவரைப் பார்க்கப் போகிறவர்கள் முன்பு பழம் வாங்கிப் போவார்கள். இப்போது தொட்டிச் செடி! ஹாலில் மணி பிளான்ட், கட்டில் ஓரம் பீஸ் லில்லி. எலும்பு மஜ்ஜை மாற்று வார்டுக்குள் இதே செடியைக் கொண்டுபோனால் வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். வீட்டில் அப்படித் தடுக்க யார் இருக்கிறார்கள்?

செடியைக் குறைசொல்லிப் பயனில்லை, வில்லங்கம் மண்ணில். ஈரமும் மட்கும் இலைதழையும் சேர்ந்த இடத்தில் ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சை தானாக வளரும். அதன் வித்துகள் 2 முதல் 3 மைக்ரான் அளவுதான். நுரையீரலின் அடி வரை போய்விடும். நாம் எல்லோரும் தினமும் அதைச் சுவாசிக்கிறோம், உடம்பு சமாளித்துக்கொள்கிறது. கீமோ எடுப்பவர், மாற்று உறுப்புக்காக மாத்திரை சாப்பிடுபவர், நெடுநாள் ஸ்டீராய்டில் இருப்பவர் உடம்பால் அது முடியாது. 'எனக்கு வெறும் சுகர்தானே' என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: 2021-இல் கறுப்புப் பூஞ்சை யாரை அதிகம் பிடித்தது என்று நினைத்துப் பாருங்கள்.

செடி வளர்த்தால் மனசு லேசாகும் என்கிறார்கள், மறுக்கவில்லை. காற்றைச் சுத்தம் செய்யும் என்பதைத்தான் நம்ப முடியவில்லை. 1989-இல் விண்வெளி ஆராய்ச்சிக்காக மூடிய பெட்டிக்குள் நடந்த சோதனையை வைத்துக் கிளம்பிய பேச்சு அது. ஜன்னல் திறந்த வீட்டில் நாலு தொட்டி எதையும் மாற்றிவிடாது.

என் கவலையெல்லாம் தொட்டிக்கு வாங்கும் மண் கலவை மூட்டை மீதுதான். 1980-களின் கடைசியில் தெற்கு ஆஸ்திரேலியாவில் தோட்ட வேலை செய்த பலர் நிமோனியாவில் படுத்தார்கள். லெஜியோனெல்லா லாங்பீச்சே என்ற பாக்டீரியா அவர்கள் கையாண்ட மண் கலவையிலேயே இருந்தது. இன்று அங்கே விற்கும் மூட்டையில் எச்சரிக்கை அச்சாகிறது: மெதுவாகப் பிரியுங்கள், தூசியைச் சுவாசிக்காதீர்கள், மாஸ்க்கும் கையுறையும் போடுங்கள், கை கழுவுங்கள். நம் ஊர் நர்சரியில் கோகோபீட்டும் மண்புழு உரமும் கலந்து விற்கும் மூட்டைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ரோஜா எப்படிப் பூக்கும் என்று படம் இருக்கிறது. மாஸ்க் பற்றி ஒரு வரி கண்ணில் படவில்லை. சிகரெட் அட்டையில் பாதிக்கு மேல் எச்சரிக்கை போட வைத்த நாடு, இதற்கு ஒரு மூலையாவது ஒதுக்கச் சொல்லக்கூடாதா?

அதுவரை தொட்டி மாற்றும் வேலையை வீட்டில் வேறொருவர், மொட்டைமாடியில், கலவையில் தண்ணீர் தெளித்துவிட்டுச் செய்யட்டும். நோயாளி படுக்கும் அறையில் தொட்டியும் வேண்டாம், பூச்சாடியில் தேங்கிய தண்ணீரும் வேண்டாம்.

மண்ணைக் கிளறிய சில நாட்களில் காய்ச்சலும் இருமலும் வந்தால் அதை டாக்டரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். லெஜியோனெல்லாவுக்கு வழக்கமாகச் செய்யும் சிறுநீர்ப் பரிசோதனை மண்ணில் இருக்கும் இந்த லாங்பீச்சே ரகத்தைக் காட்டாது. சளியை எடுத்துத் தனியாகத் தேட வேண்டும். கேட்காமல் அதை யாரும் எழுதித் தரமாட்டார்கள்.