மீன் செத்தால் நமக்கென்ன?



"ஏரியில மீன் செத்து மிதந்தா குத்தகைக்காரருக்குத்தான் நஷ்டம், நமக்கென்னங்க?" என்று கூட்டங்களில் கேட்கிறார்கள். அப்படியல்ல. அதே தண்ணீரில்தான் நாம் குளிக்கிறோம், நம் மாடு குடிக்கிறது, கரையோரக் கிணற்றிலும் அதுவே ஊறுகிறது. மீன் ஓயாமல் அந்த நீரைச் செவுள் வழியாக இழுத்து மூச்சு விடுவதால், கெடுதல் அதற்கு முதலில் தெரிந்துவிடுகிறது.

சோதிப்பது எப்படி?

ஆய்வுக்கூடத்தில் சில தொட்டிகளில் நல்ல தண்ணீர் நிரப்பி, ஒரே வளர்த்தியுள்ள மீன்களைச் சம எண்ணிக்கையில் விடுவார்கள். ஒரு தொட்டியில் ஒன்றும் கலப்பதில்லை. அது ஒப்பிட்டுப் பார்க்க. மற்றவற்றில் மருந்தைப் படிப்படியாகக் கூட்டிக் கலந்து 96 மணி நேரம், அதாவது 4 நாள், கவனிப்பார்கள். எந்த அளவில் பாதி மீன்கள் சாகின்றனவோ, அந்த அளவைக் குறித்துக்கொள்வார்கள். அது எவ்வளவு குறைவோ, நஞ்சு அவ்வளவு கடுமை. ஆலைக் கழிவுநீருக்கும் நம் நாட்டில் இந்த விதி உண்டு: வேறு நீர் கலக்காத கழிவுநீரில் விட்ட மீன்களில் 100க்கு 90 மீனாவது 96 மணி நேரம் உயிரோடிருக்க வேண்டும்.

பயிருக்கு அடிக்கும் சைபர்மெத்ரின், லிட்டருக்குச் சில மைக்ரோகிராம் இருந்தாலே பல வகை மீன்களைக் கொன்றுவிடும். மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அப்படியிருக்க, மருந்தடித்த மிஷினை வாய்க்காலில் கழுவலாமா? நீங்களே சொல்லுங்கள்.

மீன் சாகாவிட்டால் பயமில்லையா?

அதுவும் இல்லை. சில நஞ்சு மீனைக் கொல்லாமல் அதன் உடம்பிலேயே சேர்ந்துகொண்டு போகும். ஜப்பான் நாட்டு மினமாட்டாவில் ஓர் ஆலை கடலில் விட்ட பாதரசம் அப்படித்தான் மீனில் ஏறியது. அதைத் தின்ற பூனைகள் வலிப்பு கண்டு செத்தன. பிறகு மனிதர்களும் நோயில் விழுந்தார்கள். நோய் வெளிப்பட்டது 1956இல். தாய்க்குப் பெரிதாக ஒன்றும் தெரியாத வீடுகளிலும் கை கால் விளங்காத குழந்தைகள் பிறந்தன. தாய் தின்ற நஞ்சு வயிற்றிலிருந்த சிசுவைத் தாக்கிவிட்டது.

ஆகவே கணவன் மனைவி இருவரும் கவனிக்க வேண்டியவை:

1. மருந்தடிக்கும் மிஷினை ஏரி, கிணறு, வாய்க்கால் அருகே கழுவாதீர்கள். கழுவிய நீரை மருந்தடித்த வயலிலேயே தெளித்துவிடுங்கள்.

2. காலி மருந்து டப்பாவை வீட்டுக்கு எடுத்து வராதீர்கள். மூன்று முறை அலசி, ஓட்டை போட்டுவிடுங்கள்.

3. மருந்தடித்த துணியைக் கர்ப்பிணி மனைவியிடம் துவைக்கக் கொடுக்காதீர்கள். அவரவர் துணியை அவரவரே தனியாகத் துவைக்கட்டும்.

4. செத்து மிதக்கும் மீனைச் சமைக்காதீர்கள், விற்காதீர்கள். அந்தத் தண்ணீரை மாட்டுக்கும் காட்டாதீர்கள்.

5. "காய்ச்சிக் குடிச்சா போச்சு" என்று எண்ணாதீர்கள். காய்ச்சினால் கிருமி சாகும். மருந்தின் நஞ்சு போகாது.

மீன்கள் கூட்டமாகச் செத்தால் அன்றைக்கே கிராம நிர்வாக அலுவலரிடமும் கிராம சுகாதார செவிலியரிடமும் சொல்லுங்கள். காரணம் தெரியும்வரை வேறு தண்ணீர் எடுங்கள்.