பாஸ்போர்ட் தாமதம்: அரசு செய்த மாற்றங்களும் நாம் செய்யும் தவறுகளும்

வளைகுடாவில் வேலை உறுதியாகி, குறிப்பிட்ட தேதிக்குள் பாஸ்போர்ட் நகலை அனுப்பச் சொல்வார்கள். உம்ராவுக்குக் குடும்பத்தோடு பதிவு செய்த பிறகுதான் தாயாரின் பாஸ்போர்ட் காலாவதியானது தெரியவரும். இப்படி அவசரம் வரும்போதுதான் நம்மில் பலர் பாஸ்போர்ட்டைப் பற்றி யோசிக்கிறோம். அந்த அவசரத்தைப் பயன்படுத்தி இடைத்தரகர்கள் ஆயிரக்கணக்கில் பறிக்கிறார்கள்.

ஒரு காலத்தில் பாஸ்போர்ட் அலுவலக வாசலில் விடியும் முன்பே வரிசை நிற்கும். விண்ணப்பம் எந்த மேசையில் கிடக்கிறது என்று கேட்டறிய வழி இருக்காது. அந்த நிலை இன்று பெரிதும் மாறியிருக்கிறது.

அரசு செய்த மாற்றங்கள்

2010ல் சோதனை முறையில் தொடங்கி, 2012க்குள் நாடு முழுவதும் பாஸ்போர்ட் சேவா கேந்திரங்கள் திறக்கப்பட்டன. இங்கே மூன்று கட்ட கவுன்ட்டர்கள் உண்டு. முதல் கவுன்ட்டரில் தனியார் நிறுவன ஊழியர்கள் புகைப்படம், கைரேகை எடுத்து ஆவணங்களை ஸ்கேன் செய்கிறார்கள். சரிபார்ப்பதும் பாஸ்போர்ட் வழங்க முடிவெடுப்பதும் அடுத்த இரண்டு கவுன்ட்டர்களில் உள்ள அரசு அதிகாரிகள்.

தொலைதூர மக்களுக்காக 2017 முதல் அஞ்சலகங்களிலும் இம்மையங்கள் திறக்கப்பட்டு, இன்று 400ஐத் தாண்டிவிட்டன. 2018 முதல் இந்தியாவின் எந்த ஊரிலிருந்தும் விண்ணப்பிக்கலாம். ஆனால் போலீஸ் விசாரணை, விண்ணப்பத்தில் நாம் கொடுத்த முகவரியில்தான் நடக்கும்.

2016 டிசம்பரில் விதிகள் தளர்த்தப்பட்டன. அதற்கு முன் 26.01.1989 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்குப் பிறப்புச் சான்றிதழ் கட்டாயமாக இருந்தது. இப்போது பள்ளி மாற்றுச் சான்றிதழ், ஆதார், பான் கார்டு போன்றவையும் ஏற்கப்படுகின்றன. தாய் அல்லது தந்தை ஒருவர் பெயர் மட்டும் கொடுத்தாலும் போதும். விவாகரத்தான சகோதரிகளுக்கு இது பெரிய ஆறுதல்.

ஆனால் 01.10.2023 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பிறப்புச் சான்றிதழ் மட்டுமே பிறந்த தேதிக்கான ஆதாரம் என்று 2025 பிப்ரவரியில் விதி திருத்தப்பட்டது. எனவே குழந்தைக்குப் பெயர் வைத்ததும் அதைப் பிறப்புப் பதிவில் சேர்த்துவிடுங்கள்.

தாமதம் எங்கே ஏற்படுகிறது?

பெரும்பாலும் போலீஸ் விசாரணையில்தான். இதை விரைவுபடுத்த, 21 நாட்களுக்குள் அறிக்கை அனுப்பினால் ஒரு விண்ணப்பத்துக்கு 150 ரூபாயும், தாமதித்தால் 50 ரூபாயும் மத்திய அரசு காவல்துறைக்குத் தருகிறது. ஆகவே விசாரணைக்கு வருபவருக்கு நாம் எதுவும் கொடுக்க வேண்டியதில்லை. கொடுத்த முகவரியில் இருப்பதும் அசல் ஆவணங்களைத் தயாராக வைப்பதும் போதும்.

மற்றொரு காரணம் பெயர். ஒருவரின் பெயர் பள்ளிச் சான்றிதழில் ‘முகமது’, ஆதாரில் ‘முஹம்மத்’, பான் கார்டில் ‘மொஹமத்’ என்று மூன்று விதமான ஆங்கில எழுத்துகளில் இருப்பது நம் வீடுகளில் சாதாரணம். கேந்திரத்தில் இதுவே தடையாகிவிடும். விண்ணப்பிக்கும் முன்பே திருத்திக்கொள்ளுங்கள். இனிஷியலை அப்படியே போடாமல் விரித்து எழுதுங்கள். ஒற்றைப் பெயர் மட்டுமுள்ள பாஸ்போர்ட்டில் சுற்றுலா விசாவில் வருவோருக்கு 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் கட்டுப்பாடு விதித்ததை மறந்துவிடாதீர்கள்.

மூன்றாவது, வழக்குகள். ஆர்ப்பாட்டத்தில் கலந்துகொண்டதற்காகப் பதிவான வழக்காக இருந்தாலும், அது நீதிமன்றத்தில் நிலுவையில் இருந்தால் 1967ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டத்தின் 6(2)(எஃப்) பிரிவின்படி பாஸ்போர்ட்டை மறுக்கலாம். ஆனாலும் வழி அடைபட்டுவிடவில்லை. வழக்கு நடக்கும் நீதிமன்றத்தில் அனுமதி பெற்று விண்ணப்பிக்கலாம். உத்தரவில் காலம் குறிப்பிடப்படாவிட்டால் ஓராண்டுக்கு வழங்கப்படும். வழக்கை மறைத்து விண்ணப்பிப்பதுதான் ஆபத்து. அதுவே தனிக் குற்றமாகிவிடும்.

கட்டணம் எவ்வளவு?

பெரியவர்களுக்கு 36 பக்கப் பாஸ்போர்ட்டுக்கு 1,500 ரூபாய், 60 பக்கத்துக்கு 2,000 ரூபாய். தத்கால் முறையில் கூடுதலாக 2,000 ரூபாய். தத்காலில் பெரும்பாலும் பாஸ்போர்ட் வழங்கிய பிறகே போலீஸ் விசாரணை நடக்கும். அரசு இணையதளத்தைப் போலவே தோற்றமளிக்கும் போலித் தளங்கள் உலவுகின்றன. முகவரி ‘ஜிஓவி.இன்’ என்று முடிகிறதா என்று பார்த்த பிறகே பணம் கட்டுங்கள். சந்தேகங்களுக்கு 1800-258-1800 என்ற இலவச எண்ணை அழைக்கலாம்.

காலாவதியாகும் ஓராண்டுக்கு முன்பே புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம். பயணத்தின்போது குறைந்தது ஆறு மாதம் செல்லத்தக்கதாக இருக்க வேண்டும் என்பது பல நாடுகளின் விதி. இன்றே வீட்டிலுள்ள எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் எடுத்துத் தேதியைப் பாருங்கள். விண்ணப்பிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு மஹல்லாவில் படித்த இளைஞர்கள் அரைமணி நேரம் ஒதுக்கினால், தரகரிடம் போகும் பணம் அந்தக் குடும்பத்துக்கு மிஞ்சும்.